பிழைப்பில் மண்

பல் டாக்டருக்கு ஆள் பிடித்துத் தருவதில் குத்துச்சண்டையை மிஞ்ச எதுவும் கிடையாது. அந்தப் பிழைப்பில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டவர் லண்டன் பல் மருத்துவர் வூல்ஃப் கிராஸ். 1890-இல், மேடையேறும் வீரர்களின் மேல்வரிசை முன்பற்களில் கட்டாபெர்ச்சாவைப் பட்டையாக ஒட்டி அனுப்பினார். (இன்று வேர் சிகிச்சையில் நம் பல்லுக்குள் அடைத்துவிட்டு பில் நீட்டுகிறார்களே, அதே மலாய் மரப்பால்தான்.) பின்னால் வந்த பல்கவசங்களுக்கும் மேடையில் வெகுகாலம் ஆட்சேபம், பல்லைக் காப்பாற்றுவது கள்ள ஆட்டமாம்! 1927-இல் ஜாக் ஷார்க்கியோடு மோதிய மைக் மெக்டீக்கின் உடைந்த பல் அவர் உதட்டையே கிழித்து ஆட்டத்தை முடித்துவைத்த பிறகுதான் கவசத்துக்கு மரியாதை வந்தது. கிராஸின் மகன் பிலிப்பும் பல் டாக்டர். கூடவே அமெச்சூர் குத்துச்சண்டைக்காரர். சப்ளையும் டிமாண்டும் ஒரே வீட்டில்!