ஒன்பது நீதிபதிகளும் ஓர் ஓடிபியும்

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று, நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். அந்தப் பொக்கிஷத்தை நம் ஜனங்கள் எவ்வளவு பத்திரமாகப் பேணுகிறார்கள் என்பதை அறிய விரும்புவோர், கத்திவாக்கம் ஸ்டேஷனில் சென்ட்ரலுக்குப் போகும் காலை மின்சார வண்டியில் ஏறி உட்கார்ந்தால் போதும். பிரயாணிகளில் ஒருவராவது தம் பிறந்த தேதி, வங்கிக் கணக்கு எண், அப்போதுதான் வந்து சேர்ந்த ஓடிபி ஆகிய சகலத்தையும், வண்டியின் இரைச்சலை வென்று, ஸ்பஷ்டமான உச்சரிப்புடன் இரண்டு தரம் ஒப்பிப்பதைக் கேட்கலாம். (சாரீரம் என்னவோ கச்சேரிக்கு ஏற்றதுதான்.)

கைப்பேசி எண்ணைத் தந்தால்தான் ஆயிற்று என்று வாடிக்கையாளரை வற்புறுத்தலாகாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-இல் வியாபாரிகளுக்கு அறிவுறுத்தியது. கேட்பதற்கு முன்பே பத்து இலக்கங்களையும் தானம் செய்துவிடும் தர்மப்பிரபுவை எந்தத் துறை தடுக்கும்? டார்ச் விளக்குச் செயலி ஒன்று தொடர்புப் பட்டியலைக் கேட்கும்போது, வெளிச்சத்துக்கும் மாமியார் வீட்டு எண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று க்ஷணமேனும் யோசியாமல் 'அனுமதி'யை அமுக்குகிற இதே மனிதர், சம்பளம் எவ்வளவு என்று அடுத்த வீட்டார் விசாரித்தால் மட்டும் முகம் சுளிக்கிறார்.

இப்படித் தானமாய்ப் போன எண்ணுக்கு வரும் வீடியோ அழைப்பில் காக்கி உடையோடு தோன்றி 'டிஜிட்டல் கைது' என்று ஒருவன் மிரட்டினால், சிரமம் பாராமல் இணைப்பைத் துண்டியுங்கள். அப்படியொரு கைது நம் சட்டத்தில் கிடையாது. பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. அதை மட்டும் யாரிடமும் எவ்வளவு உரக்கவும் சொல்லலாம்.