கவுன்சிலருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்

மதிப்புக்குரிய நகர்மன்ற உறுப்பினர்களே, மலையடிவாரத்து ஊராட்சிகளின் தலைவர்களே, அவர்கள் காலம் முடிந்ததும் அந்த நாற்காலிகளில் வந்து அமர்ந்த தனி அலுவலர்களே,

போடிநாயக்கனூரிலிருந்து இந்தப் பாராட்டுப் பத்திரத்தை எழுதுகிறேன். ஒரு வார்டையோ ஓர் ஆளையோ மனதில் வைத்து எழுதவில்லை. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பொறுப்பு வகிக்கும் எல்லோருக்கும் இது பொது. நீங்கள் போட்ட சாலையையும் திறந்த குடிநீர்த் தொட்டியையும் புகழ மற்றவர்கள் இருக்கிறார்கள். வாக்களித்தவருக்குப் பதில் சொல்லாமலே பதவியில் இருக்கும் அரிய திறமையை மட்டும் நான் புகழ்கிறேன்.

முதற்பாராட்டு உங்கள் பொறுமைக்கு. 2011-ல் தேர்வான நகர்மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. முடியுமுன் அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரி 19 அன்று. ஒரு மன்றத்தின் முழு ஆயுளைவிட நீண்ட காலம் இந்த ஊரின் 33 வார்டுகளுக்கும் உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. தண்ணீர் வராத தெருக்காரர்கள் யாரிடம் போய் நின்றிருப்பார்கள் என்று கேட்டுக் கட்சிகளை நீங்கள் சங்கடப்படுத்தவில்லை. அமைதியாகக் காத்திருந்தீர்கள். சீட்டு வந்தபோது சட்டை கசங்காமல் வந்து நின்றீர்கள்.

அடுத்த பாராட்டு உங்கள் வேகத்துக்கு. 2022 மார்ச் 2 அன்று பதவி ஏற்றீர்கள். அந்த மாதம் முடிவதற்குள் சொத்து வரி உயர்வு ஆணை வந்துவிட்டது. 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடியைத் தாண்டிய வீட்டுக்கு 100 சதவீதம். வாசலில் நின்று கைகூப்பிய பிப்ரவரியில் இந்த உயர்வைப் பற்றி எங்களிடம் ஒரு பேச்சும் இல்லை. ஏப்ரலிலோ மாநிலம் முழுக்க மன்றங்கள் கூடித் தீர்மானம் போட்டன. தேங்கிய சாக்கடைக்குக் கிடைக்காத வேகம் வரிக்குக் கிடைத்தது. வரி தேவையே இல்லை என்று நான் வாதிடவில்லை. பல ஆண்டுகள் உயர்த்தாத வரியை உயர்த்தக் காரணங்கள் இருக்கலாம். அந்தக் காரணங்களை வார்டு மக்கள் முன் நின்று விளக்கும் சிரமத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை என்பதைத்தான் பாராட்டுகிறேன். மேலிடத்து ஆணை கீழே இறங்கும்போது ஒரு படியிலும் தடுக்கி விழாமல் பார்த்துக்கொண்டீர்கள்.

மூன்றாவது, உங்கள் இல்லற ஒற்றுமை. உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் வந்தது. ஒரு பெயரைப் பார்த்துத்தான் வாக்களித்தோம். ஆனால் எத்தனையோ வார்டுகளுக்கு இருவர் கிடைத்தார்கள். கையெழுத்துக்கு அம்மா, காரியத்துக்கு அய்யா. ஒப்பந்தக்காரர் தேடுவதும் அய்யாவைத்தான், குழாய் இணைப்புக்கு அலைபவர் கூப்பிடுவதும் அய்யாவைத்தான். கூட்டம் முடிந்து செய்தியாளரிடம் பேசுவதும் அவரே. மனைவியின் பாரத்தை இவ்வளவு அக்கறையோடு வாங்கிக்கொள்ளும் கணவர்களைப் புகழாமல் இருக்க முடியுமா? நாளை ஏதாவது கணக்கில் பிசகு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் அந்த அம்மாதான். அதிகாரம் ஒருவருக்கு, பழி இன்னொருவருக்கு என்று இத்தனை நேர்த்தியாகப் பிரித்த குடும்பங்கள் அரிது. இந்த ஏற்பாட்டை மீறித் தானே கோப்பைப் படித்து, தானே எழுந்து கேள்வி கேட்கும் பெண் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். இந்தப் பத்திரத்தில் அவர்களுக்கு இடமில்லை. அவர்களுக்கு உரியது வேறு மரியாதை.

நான்காவது, உங்கள் அடக்கம். ஏரியா சபை என்று சொல்லப்படும் பகுதி சபைக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது 2010-ல். அதற்கான விதிகள் வந்தது 2022-ல். அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று சபைகள் முதன்முதலில் கூடின. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும், வார்டின் குறைகளைப் பேச வேண்டும், உறுப்பினர் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. பிறந்தநாள் வந்தால் தெருமுனை முழுக்க ஃபிளெக்ஸ் வைக்கத் தெரிந்த உங்களுக்கு, சபை கூடும் நாளை ஒரு தாளில் எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டத் தெரியாமலா இருக்கும்? விளம்பரம் வேண்டாம் என்ற பெருந்தன்மைதான். தெரிந்த பத்துப் பேரை உட்காரவைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் சபை கூடியதாகிவிடுகிறது. அந்தப் பத்துப் பேரும் கேள்வி கேட்டு உங்களைப் புண்படுத்தாதவர்கள்.

போடியில் ஏலக்காய்க்குக் கிடைக்காத சலுகை உங்களுக்குக் கிடைக்கிறது. ஸ்பைசஸ் போர்டு நடத்தும் மின்னணு ஏலத்தில் ஒவ்வொரு குவியலின் மாதிரியும் வியாபாரியின் முன்னால் வருகிறது. நிறத்தைப் பார்க்கிறார், காய் எட்டு மில்லிமீட்டர் தேறுமா என்று பார்க்கிறார், உடைத்து உள்ளே அரிசி கறுத்திருக்கிறதா என்று பார்க்கிறார், சாயம் ஏற்றியதா என்று சந்தேகப்படுகிறார். எடுத்த சரக்கு மாதிரிக்கு ஒத்துவராவிட்டால் அவர் சும்மா இருப்பதில்லை. உங்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. பிரசாரத்தில் ஒரு வாரம் மாதிரி காட்டினால் போதும். ஐந்தாண்டுச் சரக்கைப் பிரித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பும் வழி வாங்கியவருக்கு இல்லை.

சட்டத்தையும் பாராட்ட வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் மன்றக் கூட்டத்துக்கு வராவிட்டால் பதவி போகும் என்று அது எச்சரிக்கிறது. ஐந்தாண்டும் வார்டுக்கு வராவிட்டால் ஒன்றும் போகாது. 2025 மார்ச்சில் சென்னை, தாம்பரம், உசிலம்பட்டி ஆகிய இடங்களைச் சேர்ந்த நான்கு உறுப்பினர்களைப் பதவியிலிருந்து நீக்கி அரசு உத்தரவிட்டது. ஊராட்சித் தலைவரை நீக்கும் அதிகாரம் ஆட்சியரிடம் இருக்கிறது. ஆக, உங்களை அனுப்ப அரசால் முடியும், ஆட்சியரால் முடியும். அனுப்பி வைத்த வாக்காளரால் மட்டும் முடியாது. அவருக்கு அந்த மனக்கஷ்டம் வேண்டாம் என்று சட்டம் நினைத்திருக்கிறது.

எல்லா ஊரிலும் இந்தக் கருணை இல்லை. மத்தியப் பிரதேசத்து அனுப்பூரில் 2000-களின் தொடக்கத்திலேயே நகராட்சித் தலைவரை மக்கள் வாக்களித்துத் திருப்பி அழைத்தார்கள். சத்தீஸ்கரில் 2008-ல் மேலும் சில தலைவர்களுக்கு அதே கதி நேர்ந்தது. உக்ரைனில் 2002-ல் இயற்றிய சட்டம், உள்ளூர் மன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது வாக்காளர் முன் தன் வேலைக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டும் என்கிறது. உறுப்பினரைத் திருப்பி அழைக்கும் நடைமுறையும் அங்கே உண்டு. சட்டம் இருப்பதாலேயே எல்லோரும் ஒழுங்காகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே கணக்குச் சொல்லாத உறுப்பினர் சட்டத்தை மீறியவர். இங்கே கணக்குச் சொல்லாதவர் எதையும் மீறவில்லை.

தனி அலுவலரைப் புகழாமல் விடக் கூடாது. தேனி மாவட்டத்து ஊராட்சிகளின் ஐந்தாண்டு 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. தேர்தல் வரவில்லை, அவர் வந்தார். வாக்குக் கேட்டு வந்தவர் இல்லை, ஆகவே வாக்குத் தவறியதும் இல்லை. அவரைத் தோற்கடிக்க யாராலும் முடியாது. அவர் தேர்தலில் நிற்கவே இல்லையே! எத்தனையோ வேலைகளுக்கு நடுவே இதையும் சுமக்கும் அந்த அதிகாரிமீது எனக்குக் கோபமில்லை. அவரை அங்கே உட்காரவைத்துவிட்டு, தேர்தலைத் தள்ளிக்கொண்டே போகும் ஏற்பாட்டின் திறமைக்குத்தான் இந்தப் புகழ்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் தீ பரவியது. மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குரங்கணியை உள்ளடக்கிய கொட்டகுடி ஊராட்சிக்கு அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை, உறுப்பினர்கள் இல்லை. 2016 அக்டோபரிலிருந்தே தனி அலுவலர் காலம். தீயை நோக்கி முதலில் ஓடியவர்கள் ஊர் ஜனமும் தோட்டத் தொழிலாளர்களும்தான். அவர்கள் யாரிடமும் ஓட்டுக் கேட்டதில்லை. ஒரு தலைவர் இருந்திருந்தால் தீ அணைந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. தீத்தடுப்புக் கோடு வெட்டியாயிற்றா, யார் யார் மலைக்குப் போகிறார்கள் என்று கிராம சபையில் எழுந்து கேட்டால், பதில் சொல்லக் கடமைப்பட்ட நம்மூர் ஆள் ஒருவர் இருந்திருப்பார். அந்த நாற்காலியில் அன்றைக்கு யாரும் இல்லை. அகமலைப் பக்கத்துக் குக்கிராமங்களிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கி இறக்குகிறார்கள் என்று இன்றும் செய்தி வருகிறது. தூக்குபவர்களின் தோளுக்குத்தான் அது பாரம். ஆட்சிக்கு அது ஒரு செய்தி.

விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கி உட்கார்ந்து, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, பக்கத்து மாநிலத்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் நம் ஊர்ப் பெண்களைக் கேளுங்கள். அவர்கள் வேலை செய்யும் அந்த மண்ணில் 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒரு முறை தவறாமல் உள்ளாட்சித் தேர்தல் நடக்கிறது. காலையில் தேர்தல் தவறாத மாநிலத்துக்குப் போய் வேலை செய்கிறார்கள். மாலையில் தேர்தல் தவறிய மாநிலத்துக்குத் திரும்பி, குடத்தோடு குழாயடியில் நிற்கிறார்கள். நடுவில் இருப்பது ஒரு மலைப்பாதை.

வாக்காளர்களாகிய எங்களுக்கும் இந்தப் பத்திரத்தில் பங்கு உண்டு. ஓட்டுக்குப் பணம் வாங்கியவர், கணக்கு அன்றோடு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டார். வாங்காதவர், கேட்டு என்ன ஆகப்போகிறது என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். உங்கள் கலை செழிக்க இந்த இரண்டு பேரும் தேவை.

பாராட்டுப் பத்திரத்தின் முடிவில் கோரிக்கை வைப்பது வழக்கம். எனக்கும் சில உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை ஒற்றைத் தாளில் ஒரு கணக்குக் கொடுங்கள்: எத்தனை கூட்டத்துக்குப் போனீர்கள், வார்டுக்காக என்ன கேட்டீர்கள், எந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கினீர்கள், வார்டில் எந்த வேலைக்கு எவ்வளவு செலவானது. பகுதி சபை கூடும் நாளை ஒரு வாரம் முன்பே தெருவில் அறிவியுங்கள். பெண் உறுப்பினரின் நாற்காலியில் அவரே உட்காரட்டும். அரசுக்கும் கோரிக்கை உண்டு: ஒரு மன்றத்தின் காலம் முடியுமுன் அடுத்த தேர்தலை நடத்துங்கள்; ஆண்டுக் கணக்கைச் சட்டக் கடமை ஆக்குங்கள்; கடமை தவறியவரைத் திருப்பி அழைக்கும் உரிமையை வாக்காளருக்குக் கொடுங்கள்.

சட்டம் மாறும்வரை நாங்களும் சும்மா இருக்கப்போவதில்லை. அடுத்த பகுதி சபை எப்போது என்று நகராட்சியில் கேட்டுத் தெரிந்துகொண்டு வருவோம். வந்து, அந்த ஒற்றைத் தாளைக் கேட்போம். எழுதிக் கொண்டுவந்து வாசிக்கும் உறுப்பினர் எந்தக் கட்சியாக இருந்தாலும் அவரை நேரான சொற்களில் புகழ்வேன். அந்தப் புகழுக்கு இன்றுவரை ஆள் கிடைக்காததால்தான் இந்தப் பத்திரம்.