கவிதையைக் கைவிட்டவர் யார்?

கேள்வி: இக்காலத்தில் சாமானிய வாசகனுக்குக் கவிதையால் பிரயோஜனம் ஏதேனும் உண்டா? (வாசகர் ஒருவர், பாளையங்கோட்டை)

பதில்: கழுகுமலைக்குக் காவடி எடுத்து வெயிலில் நடக்கிறவர்களில் அநேகர் கவிதைப் புத்தகம் ஒன்றையேனும் விலைகொடுத்து வாங்கியிருக்கமாட்டார்கள், ஆயினும், 19-ஆம் நூற்றாண்டில் சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்திலே தோன்றி, ஊற்றுமலை ஜமீன்தாரின் ஆதரவில் பாடி, இளம் பிராயத்திலேயே மறைந்துவிட்ட அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து, அவர்கள் காலுக்குத் தாளமாகவும் களைப்புக்கு ஔஷதமாகவும் கூடவே நடந்து வருகிறதென்றால், கவிதையைச் சாமானியன் கைவிட்டான் என்று எப்படிச் சொல்வது?

கைவிட்டவர்கள் படித்தவர்களாகிய நாம்தாம். செவிக்கும் நாவுக்கும் உரிய வஸ்துவைக் கண்ணுக்கு மாத்திரம் ஆக்கி, பதவுரை பொழிப்புரை என்று கூறுபோட்டு, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிட்டோம். 1954-ல் மறைந்த ரசிகமணி டி.கே.சி., திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் தம் இல்லத்து வட்டத்தொட்டியிலே நண்பர்களைக் கூட்டிவைத்து, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாவத்தோடு சொல்லிக் காட்டி, அதன் ஜீவனை எழுப்பிக் கொடுத்தாரே, அந்தக் காரியந்தான் இன்று வேண்டுவது.

உதாரணமாக, சீவலப்பேரியிலே சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் இடத்தைப் பாடிய முக்கூடற்பள்ளு என்னும் நூலில் நெல்வகையும் மாட்டுவகையும் மீன்வகையும் கொட்டிக் கிடக்கின்றன. உரையைப் பாராமல், வயதான ஓர் உழவர் கேட்க, அதை உரக்கப் படித்துப் பாருங்கள். தம் தகப்பனார் காலத்தில் எந்த நெல் எந்த வயலில் விளைந்தது என்று அவரே சொல்லத் தொடங்குவார்.