ரவுட்டிங் டேபிள் அலுவலகத்துக்கு ஒரு பகிரங்க மனு

அனுப்புநர்:
இரவுப் பணியில் இருக்கும் ஒரு நெட்வொர்க் இன்ஜினீயர்,
சர்வர் அறை.

பெறுநர்:
உயர்திரு அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் அவர்கள்,
ரூட் தேர்வுப் பிரிவு,
ரவுட்டிங் டேபிள் அலுவலகம்.

பொருள்: பணிமூப்புப் பட்டியலை மறுபரிசீலனை செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் தகவல் பலகையில் (ஷோ ஐபி ரூட்) இன்று அதிகாலை கண்ட விவரங்கள்.

ஐயா,

தங்களை நாங்கள் ‘ஏடி’ என்றுதான் சொல்லிக்கொள்வோம். மரியாதைக் குறைவாக எண்ண வேண்டாம். இரவு இரண்டு மணிக்கு முழுப் பெயரும் வாயில் வராது.

தங்கள் பணி எவ்வளவு சிக்கலானது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. 10.20.30.0/24 என்ற நெட்வொர்க்குக்கு வழி கேட்டால் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஓஎஸ்பிஎஃப் 20 என்கிறது. அது லிங்க்கின் வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு. ரிப் 2 என்கிறது. அது நடுவில் எத்தனை ரவுட்டர் என்ற எண்ணிக்கை, அவ்வளவுதான். வேகத்தையும் தாமதத்தையும் சேர்த்து அரைக்கும் ஈஐஜிஆர்பியோ 30720 என்று ஒரு எண்ணை நீட்டுகிறது. இந்த மூன்றையும் எந்தத் தராசில் வைப்பது? எந்தத் தராசிலும் வைக்க முடியாது. ஆகவே தாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். சொன்னது என்ன என்று பார்ப்பதில்லை, சொன்னவர் யார் என்று மட்டும் பார்ப்பது. அரசு அலுவலகம் எதிலாவது கால் வைத்த தமிழனுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

சிஸ்கோ ரவுட்டரில் தாங்கள் ஒட்டியிருக்கும் பட்டியலை நான் மனப்பாடமாகச் சொல்வேன். நேரடியாகக் கேபிள் செருகிய நெட்வொர்க்குக்கு 0. கையால் எழுதிய ஸ்டாட்டிக் ரூட்டுக்கு 1. வெளியிலிருந்து வரும் பிஜிபிக்கு 20, ஈஐஜிஆர்பிக்கு 90, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110, ஐஎஸ்-ஐஎஸ்ஸுக்கு 115, ரிப்புக்கு 120. வெளியிலிருந்து இறக்குமதியான ஈஐஜிஆர்பிக்கு 170, சொந்த வீட்டுக்குள்ளேயே கேட்ட பிஜிபிக்கு 200. எண் குறைந்தால் நம்பிக்கை கூடும். 255 வாங்கியவர் வாசற்படியே ஏற முடியாது. ஐஜிஆர்பி ஓய்வு பெற்று எத்தனையோ காலமாகிறது, ஆனால் 100-ஆம் எண் நாற்காலி இன்னும் அவர் பெயரில்தான். ஈஜிபியும் அப்படித்தான். தங்கள் தகவல் பலகையில் அவர் பிடித்து வைத்த ‘ஈ’ என்ற குறியெழுத்து கிடைக்காமல், ஈஐஜிஆர்பி தன் பெயரில் இல்லாத ‘டி’ என்ற எழுத்தோடு இன்றும் பட்டியலில் நிற்கிறது. பென்ஷன் வாங்குகிறவரின் மேசையைக் காலி செய்யாத அலுவலகங்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம்.

நேரடி இணைப்புக்கு 0 என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கண்ணெதிரே இருக்கிற கம்பிக்குச் சிபாரிசு வேண்டாம். என் மனக்குறை முழுவதும் 1-ஆம் எண்ணைப் பற்றியது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு கிளை அலுவலகம் திடீரென்று தொடர்பு இழந்தது. எங்கள் ரவுட்டரில் அந்தக் கிளைக்கு ஒரு ஸ்டாட்டிக் ரூட், [1/0] என்ற முத்திரையோடு கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவர் எழுதியது. ஏன் எழுதினார் என்று கோப்பில் ஒரு வரியும் இல்லை. நெக்ஸ்ட் ஹாப் ரவுட்டர் செத்துக் கிடந்தது. ஆனால் நடுவில் ஒரு ஸ்விட்ச் இருந்ததால் எங்கள் பக்கத்து போர்ட்டில் பச்சை விளக்கு சமர்த்தாகக் கண்சிமிட்டியது. போர்ட் உயிரோடு இருக்கிறது, ஆகவே ரூட்டும் உயிரோடு இருக்கிறது என்பது தங்கள் அலுவலக நடைமுறை. அனுப்பிய பாக்கெட் ஒவ்வொன்றும் அந்தப் பாழுங்கிணற்றில் விழுந்தது. அதே நேரம் ஓஎஸ்பிஎஃப் நல்ல மாற்று வழி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றது. பத்து நொடிக்கு ஒரு முறை ஹலோ சொல்லி, பக்கத்து ரவுட்டர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டே இருக்கும் ஊழியர் அது. அதற்கு 110. எழுதிப் போட்டதோடு தலைமுழுகிப் போனவரின் வாக்குக்கு 1.

மனிதன் கைப்பட எழுதினால் அதில் ஒரு நோக்கம் இருக்கும், அதை மதிக்கிறோம் என்று தங்கள் தரப்பில் சொல்லப்படுவதை அறிவேன். நோக்கம் இருந்தது, ஐயா. அது எழுதியவரோடு ராஜினாமா செய்துவிட்டது.

அடுத்து, தங்கள் சகோதர அலுவலகங்கள். ஜூனிபர் ரவுட்டரில் ஸ்டாட்டிக்குக்கு 5, ஹுவாவேயில் 60. ஓஎஸ்பிஎஃப் அந்த இரண்டு இடங்களிலும் 10. அதாவது ஹுவாவேயில், கையெழுத்து போட்டவரை விட நாள் முழுக்க விசாரித்துக்கொண்டிருப்பவருக்கு மதிப்பு அதிகம். வெளி பிஜிபி தங்களிடம் 20 வாங்கும் பெரிய மனிதர். ஜூனிபரில் உள், வெளி எல்லாருக்கும் 170. ஹுவாவேயில் 255! தங்கள் வாசற்படியில் தடுத்து நிறுத்தும் அதே எண்ணை வாங்கிக்கொண்டு அங்கே அவர் அன்றாடம் வேலை பார்க்கிறார். இதற்கெல்லாம் எந்த மேலிடத்து ஆணையும் கிடையாது. ரவுட்டர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று 1995-இல் வந்த ஆர்எஃப்சி 1812, விதிகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் தயாரிப்பாளரின் கொள்கைப்படி முடிவெடுக்கலாம் என்று கதவைத் திறந்து வைத்துவிட்டது. அந்தக் கதவு வழியாக வந்ததுதான் தங்கள் பட்டியல். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் அதை இயற்கை விதி மாதிரி ஒப்பிக்கிறார்கள்.

தங்கள் மதிப்பெண் பக்கத்து ரவுட்டருக்குத் தெரிவிக்கப்படுவதும் இல்லை. அறைக்குள்ளேயே எழுதி அறைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறீர்கள். இதன் பலன், இரண்டு நெட்வொர்க்குகள் சேரும் எல்லையில் தெரியும். ஒரு பக்கம் ரிப், மறுபக்கம் ஓஎஸ்பிஎஃப், நடுவில் இரண்டு எல்லை ரவுட்டர்கள், இருவருக்கும் இரு பக்கமும் செய்தி கடத்துகிற வேலை. ரிப் பக்கத்தில் இருக்கிற ஒரு நெட்வொர்க்கை முதல் ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப்புக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இரண்டாவது ரவுட்டருக்கு அந்த நெட்வொர்க் ரிப் வழியாகப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் ஊரைச் சுற்றி ஓஎஸ்பிஎஃப் வழியாக வந்த அதே செய்திக்கு 110, நேராக வந்ததற்கு 120. எனவே இரண்டாவது ரவுட்டர் சுற்று வழியை எடுத்துக்கொள்கிறது. அதோடு நின்றால் பரவாயில்லை. அந்த வதந்தியைப் புதுச் செய்தி என்று மறுபடி ரிப்புக்குள்ளேயே அனுப்பும். சமயத்தில் முதல் ரவுட்டரே அதை நம்பி இரண்டாமவரிடம் பாக்கெட்டை நீட்டும், அவர் திரும்ப இவரிடம் நீட்டுவார். டிடிஎல் தீர்ந்து சாகும்வரை பாக்கெட்டுக்கு அலைச்சல்தான்.

ஈஐஜிஆர்பி விஷயத்தில் தாங்கள் புத்திசாலித்தனமாக, கைமாறி வந்த செய்திக்கு 90 கொடுக்காமல் 170 கொடுத்தீர்கள். ஜூனிபரும் ஹுவாவேயும் ஓஎஸ்பிஎஃப்பின் வெளிச் செய்திக்கு 150 போட்டு, 100 வாங்கிய ரிப்புக்குப் பின்னால் நிற்க வைத்தன. தாங்கள் மட்டும் ஓஎஸ்பிஎஃப் பெயர் போட்ட உறை எதுவானாலும், உள்ளே இருப்பது சொந்தச் சரக்கா இரவலா என்று பிரித்துப் பார்க்காமல் 110 முத்திரை குத்துகிறீர்கள். ‘டிஸ்டன்ஸ் ஓஎஸ்பிஎஃப் எக்ஸ்டெர்னல்’ என்று நாங்களே எழுதி மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். லூப் விழுந்த பிறகுதான் பலருக்கு அந்தக் கட்டளை நினைவுக்கு வருகிறது.

இவ்வளவு அதிகாரம் உள்ள தங்களைத் தாண்டி ஒரு வாசல் இருக்கிறது என்பதையும் பணிவோடு நினைவூட்டுகிறேன். ஒரே நெட்வொர்க், ஒரே மாஸ்க் நீளம் என்றால்தான் வழக்கு தங்கள் மேசைக்கே வரும். 10.20.0.0/16-க்கு ஸ்டாட்டிக் 1 இருந்தாலும், 10.20.30.0/24 என்று ரிப் சொன்னால் இரண்டும் டேபிளில் ஏறும். பாக்கெட் போவது 120 வாங்கிய ரிப் சொன்ன வழியில். குறுகலான முகவரி சொல்பவரே வெல்வார். நேர்முகத் தேர்வுகளில் இந்தக் கேள்வியில் விழாதவர் குறைவு. இணைய உலகம் இதைப் பெரிய அளவில் பார்த்தது 2008 பிப்ரவரி 24 அன்று. யூடியூப் 208.65.152.0/22 என்று அறிவித்திருக்க, உள்நாட்டில் அதை முடக்கப் பாகிஸ்தான் டெலிகாம் போட்ட 208.65.153.0/24 வெளியே கசிந்தது. அதற்கு மேலிணைப்பு தந்த பிசிசிடபிள்யூ அதை மேலே பரப்ப, உலகின் பெரும் பகுதிக்கு யூடியூப் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காணாமல் போனது. மீள்வதற்கு யூடியூபே /24, பிறகு /25 என்று இன்னும் குறுக்கி அறிவிக்க வேண்டியிருந்தது. அன்று எந்த ரவுட்டரிலும் தங்கள் மதிப்பெண் பட்டியலுக்கு வேலையே இருக்கவில்லை.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் மனு நியாயமாகாது. ஸ்டாட்டிக் ரூட்டுக்கே 250 போட்டு ஃப்ளோட்டிங் என்று பின்வரிசையில் உட்கார வைக்கத் தாங்கள் அனுமதிக்கிறீர்கள். ஓஎஸ்பிஎஃப் உயிரோடு இருக்கும்வரை அது டேபிளில் தலைகாட்டாது. மெயின் லிங்க் போன நொடியில் 4ஜி பேக்கப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும். தங்கள் அலுவலகத்தில் நான் பார்த்த ஒரே முறையான காத்திருப்போர் பட்டியல் இதுதான்.

ஆகவே என் கோரிக்கைகள் எளியவை. கையால் எழுதிய ரூட் எதற்கும், அந்தப் பக்கம் உயிர் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் ட்ராக்கிங் இல்லாவிட்டால் 1 தர வேண்டாம். இரவல் செய்திக்குச் சொந்தச் செய்தியின் மதிப்பெண்ணைத் தர வேண்டாம். ஓய்வு பெற்றவர்களின் நாற்காலிகளை எடுத்துவிடுங்கள், வழியாவது கிடைக்கும்.

தாங்கள் இதை ஏற்கப்போவதில்லை என்று தெரியும். தங்கள் பட்டியல் ஃபேக்டரியில் அச்சானது. எனவே வழியில் இதைப் படிக்கும் சக இன்ஜினீயர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்டாட்டிக் ரூட் எழுதும்போது அதே வரியின் கடைசியில் ‘நேம்’ என்று போட்டு ஒரு பெயர் கொடுக்க இடம் இருக்கிறது. எதற்காக எழுதினீர்கள் என்பதை அதில் எழுதுங்கள். ஏடியை மாற்றினால் எல்லை ரவுட்டர்கள் எல்லாவற்றிலும் யோசித்து மாற்றுங்கள், மாற்றியதைக் கோப்பில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரவுப் பணி இன்ஜினீயர்.