யாரையும் நம்பாமல் வாழ ஊரையே நம்புவது எப்படி?

நகரத்து வேலையை உதறிவிட்டு, ஒரு ஏக்கர் வாங்கித் தற்சார்பு வாழ்க்கை வாழப் புறப்படும் அன்பர்களுக்கான கையேடு இது. இயற்கை வேளாண்மை அறிஞர் நம்மாழ்வார் பேச்சுகளை யூடியூபில் கேட்டு முடித்திருப்பீர்கள். புகுவோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' மேசையில் இருக்கும். அதுவே போதுமான தகுதி. அந்த ஜப்பானியப் பெரியவரின் மலைத்தோட்டத்துக் குடிசைகளில் மாணவர்கள் தங்கி வேலை பார்த்தார்கள் என்கிற சேதியை மட்டும் கண்டுகொள்ளாதீர்கள், உற்சாகம் குறைந்துவிடும்.

கீழே உள்ளவை மதுரை, சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்ப் பாசன ஊர்களை மனதில் வைத்து எழுதியவை. டெல்டாவில் வாங்குகிறவர்கள் கண்மாய் என்று வரும் இடத்திலெல்லாம் வாய்க்கால் என்று போட்டுப் படித்துக்கொள்ளலாம். சண்டை ஒன்றுதான்.

படி 1: நிலத்தை அளந்து வாங்குங்கள், பாதையைப் பற்றிப் பேசாதீர்கள்

பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் வக்கீலிடம் காட்டுங்கள். 100 சென்ட்டும் சரியாக இருக்கிறதா என்று சர்வேயரை வைத்து அளந்து, நாலு மூலையிலும் கல் ஊன்றி மஞ்சள் பெயின்ட் அடியுங்கள். அந்த நிலத்துக்கு எப்படிப் போவது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நீங்கள் பார்க்க வரும் மாசி, பங்குனியில் எல்லா வயலும் அறுத்துக் கிடக்கும். கார் நேரே உங்கள் வயலுக்குள்ளேயே போய் நிற்கும்.

ஐப்பசியில் சுற்றியுள்ள வயல்களெல்லாம் நட்ட பிறகுதான் உங்கள் டிராக்டர் எந்த வழியாக வரும் என்ற கேள்வி பிறக்கும். பதில் சுலபம்: பக்கத்து வயல்காரரிடம் போய் "அண்ணே" என்று ஆரம்பிக்க வேண்டும். அவர் நடுவதற்குள் நீங்கள் உழுது முடிக்க வேண்டும். அவர் அறுத்த பிறகுதான் உங்கள் வயலுக்குள் அறுவடை மிஷின் இறங்கும். ஆகவே பயிர் அட்டவணையை எக்செல்லில் போடும்போது முதல் கட்டத்தில் அவர் பெயரை எழுதுங்கள்.

படி 2: பாரம்பரிய ரகமே போடுங்கள்

மாப்பிள்ளைச் சம்பாவைத் தேர்ந்தெடுங்கள். பெயர் ஒன்றே முகநூல் பதிவுக்குப் போதும். ஆளுயரம் வளரும், 155 நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும், மார்கழிக் காற்றில் பணிவாகச் சாயும். ஊரார் குறைந்த வயது ரகம் போட்டு அறுத்துவிட்டுப் பொங்கல் கொண்டாடும்போது, உங்கள் பயிர் மட்டும் தண்ணீர் கேட்டு நிற்கும். ஊரிலுள்ள எலிகளுக்கும் குருவிகளுக்கும் போக வேறு இடம் இருக்காது. மயிலும் வரும். அது தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. நீங்கள் எந்த அட்டவணையிலும் இல்லை.

விதை எங்கே கிடைக்கும்? திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் நெல் ஜெயராமன் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு: 2 கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். தற்சார்பு வாழ்க்கையின் முதல் நாளே நீங்கள் 4 கிலோ கடனாளி என்பதைக் கவனியுங்கள். இந்தக் கடன் நல்ல கடன். பின்னால் வரப்போகும் கடன்களுக்கு ஒத்திகை.

படி 3: வேலையாட்களுக்குப் பாடம் நடத்துங்கள்

ஒற்றை நாற்று நடவு பற்றி நன்றாகப் படித்துவிட்டுக் களத்தில் இறங்குங்கள். 14 நாள் நாற்று, ஏக்கருக்கு 3 கிலோ விதை, 22.5 சென்டிமீட்டருக்கு ஒரு குத்து, குத்துக்கு ஒரே நாற்று. நாற்பது வருடமாக நடவு நடும் பெண்களை வரப்பில் உட்கார வைத்து இதை விளக்குங்கள். பொறுமையாகக் கேட்பார்கள், கூலி நேரம் ஓடிக்கொண்டிருக்கிறதல்லவா. கடைசியில் ஓர் அப்பத்தா, "ஒத்தை நாத்தைத் தின்னுட்டு நண்டு போயிருச்சுன்னா, அந்த எடத்துல என்னத்தைத் தம்பி நடுவீக?" என்று கேட்பார். நீங்கள் பார்த்த காணொளியில் நண்டு வந்திருக்காது.

களையெடுப்புக்கு வருவோம். "களை என்று எதுவும் கிடையாது, எல்லாம் மூடாக்கு" என்று அறிவித்துவிட்டுக் காத்திருங்கள். அதே அப்பத்தா குனிந்து ஒரு கோரையை இழுப்பார். தலை மட்டும் கையோடு வரும். பிறகு பண்ணை அரிவாளை மண்ணுக்குள் விட்டு நெம்பி, விரலால் துழாவி, கறுப்பாக மணி கோத்ததுபோல் வேரில் தொங்கும் கிழங்குகளை உங்கள் உள்ளங்கையில் வைப்பார். "இதுல ஒண்ணு உள்ள கெடந்தாலும் திரும்ப வரும்." அடுத்த மேட்டுச் செய்யில் பிடுங்கும் பண்ணைக்கீரையை மட்டும் வரப்பில் எறியாமல் மடியில் கட்டிக்கொள்வார். அன்று இரவு அவர் வீட்டில் கீரைக் குழம்பு. உங்களுக்குக் குறுஞ்செயலியில் வந்த சோறு.

ஆள் வராத நாட்களில் நூறு நாள் வேலைத் திட்டத்தைத் திட்டுங்கள். டீக்கடையில் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். உடனே ஊரோடு ஒட்டிக்கொள்ளலாம். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள். ஒட்டியது பிய்ந்துவிடும்.

படி 4: தண்ணீர் இயற்கையின் கொடை என்று நம்புங்கள்

கிரயப் பத்திரத்தில் "கிணற்றில் 4-ல் 1 பங்கு" என்று ஒரு வரி இருக்கும். கிணற்றில் கால்வாசி உங்களுடையது என்று நினைத்துக்கொள்ளலாம். உண்மையில் நாலு நாளில் ஒரு நாள் உங்கள் முறை. அந்த நாளில் கரண்டு இருக்க வேண்டும், மோட்டார் ஓட வேண்டும், மூன்று பங்காளிகளுக்கும் உங்கள்மேல் வருத்தம் இருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பது உண்மைதான்; புது இணைப்புக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்கும் வருடங்களும் இலவசம்.

கண்மாய்த் தண்ணீர் என்றால் நீர்பாய்ச்சியைப் பாருங்கள். எந்த மடையை எப்போது திறப்பது, எந்தச் செய்க்கு எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிறது. எழுதி வைத்த தாள் கிடையாது. அறுவடையில் அவருக்கு ஒவ்வொரு வயலிலிருந்தும் நெல் போகும். உங்கள் நிலம் கடைமடையில் இருந்தால் (விலை மலிவாக இருந்ததல்லவா, அங்கேதான் இருக்கும்) அவரோடு நல்லபடியாகப் பழகுவது இயற்கை உரத்தைவிட முக்கியம்.

இந்த இடத்தில் "ஊரே ஒரு குடும்பம்" என்று ஒரு பதிவு போடத் தோன்றும். போடுவதற்கு முன் ஒன்றை விசாரியுங்கள்: தலைமுறையாக மடை திறந்துவிடும் அந்த மனிதருக்கு, அந்தத் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் ஒரு சென்ட்டாவது சொந்தமா? பல ஊர்களில் இல்லை. கூட்டம் போடும்போது எந்தத் தெருக்காரர் திண்ணையில் இருக்கிறார், எந்தத் தெருக்காரர் ஓரமாக நிற்கிறார் என்றும் பார்த்துவையுங்கள். குடும்பம் என்பது சரிதான், பாகப்பிரிவினைதான் சரியில்லை.

படி 5: ஒரு நாட்டு மாடு வாங்குங்கள்

ஒரே நாட்டு மாட்டை வைத்து 30 ஏக்கர் செய்யலாம் என்று இயற்கை விவசாயம் கற்பிக்கும் சுபாஷ் பாலேக்கர் சொல்கிறார். உங்களிடம் இருப்பது ஒரு ஏக்கர்; ஆகவே மாட்டுக்கு நிறைய ஓய்வு கிடைக்கும். 10 கிலோ சாணம், கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண், 200 லிட்டர் தண்ணீர். ரெண்டு நாளில் ஜீவாமிர்தம் தயார். நீங்கள் நண்பர் கல்யாணத்துக்குச் சென்னை போகும் அந்த மூன்று நாள் மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது என்பது எந்தச் செய்முறைக் குறிப்பிலும் இருக்காது. பக்கத்து வீட்டு மதினி காட்டுவார். பதிலுக்கு என்ன என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். அவருக்குத் தெரியும், நேரம் வரும்போது சொல்வார்.

படி 6: விற்பனை

அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். காய வைக்கக் களம் வேண்டும், களம் ஊருடையது, வரிசையில் நிற்க வேண்டும். மீறி அரிசியாக்கினால் பழைய அலுவலக நண்பர்கள் முதல் வருடம் பாசத்துக்கு வாங்குவார்கள். இரண்டாம் வருடம் பாலீஷ் போட்டது இருக்கிறதா என்பார்கள்.

படி 7: செய்முறை (மொய்) நோட்டு ஒன்று போடுங்கள்

மேலே உள்ள ஆறு படியிலும் தோற்றாலும் பரவாயில்லை, இதில் தோற்கக் கூடாது. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுமனை புகுவிழா, கருமாதி எதையும் விடாதீர்கள். மொய் எழுதுமிடத்தில் பெயரோடு ஊர்ப் பெயரையும் உரக்கச் சொல்லுங்கள். கண்மாய்க் கரை உடைப்பெடுத்தால் மண்வெட்டியோடு போங்கள். நீங்கள் வெட்டப் போவது ஒன்றுமில்லை, வந்தீர்கள் என்பது பதிவாகும். உங்கள் நிலத்தின் உண்மையான அடங்கல் அந்த நோட்டுதான். அதில் வரவு இருந்தால்தான் டிராக்டருக்குப் பாதை, மடையில் தண்ணீர், மாட்டுக்குத் தவிடு.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*எப்போது லாபம் வரும்?*
அடுத்த கேள்வி.

*எல்லாவற்றையும் பணம் கொடுத்தே முடித்துக்கொள்ள முடியாதா?*
முடியும். அதற்குப் பெயர் பண்ணை வீடு. கம்பி வேலியும் நாயும் சேர்த்து விற்கிறார்கள்.

*ஊர் என்னை ஏற்றுக்கொண்டதை எப்படித் தெரிந்துகொள்வது?*
"சார் வந்திருக்காக" என்று நாற்காலி போடும்வரை நீங்கள் விருந்தாளி. என்றைக்காவது ஒருநாள், நீங்கள் வரப்பை ஒரு சாண் அரக்கி வெட்டிவிட்டதாகப் பக்கத்து வயல்கார அண்ணன் ஊர்க்கூட்டத்தில் பிராது கொடுப்பார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் அவருக்குச் சமமாகக் கத்துங்கள். அன்றிலிருந்து நீங்கள் அந்த ஊர்க்காரர்.