ஆறு வீடு பார்க்க வந்தது

ஹட்சன் ஆற்றின் அக்கரையில் மன்ஹாட்டன், இக்கரையில் நியூ ஜெர்சியின் ஹோபோக்கன். நியூயார்க் வாடகை கட்டுப்படியாகாமல் ஆறு தாண்டி வருபவருக்குத் தள்ளுபடி கிடைப்பது பெரும்பாலும் தரகர் வாயில்தான்.

'ரிவர் வியூ' என்றால் வாடகை தனி. குளியலறை ஜன்னலில் கழுத்தை நீட்டினால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே துண்டு அகலத்துக்குத் தண்ணீர் தெரியும். அதுவும் கணக்கில் சேர்த்தி.

2012 அக்டோபரில், சாண்டி புயலன்று, ஆறே வீடு பார்க்க வந்தது. அதிகம் பிடித்துப்போனது, ஆறு கண்ணிலேயே படாத மேற்குப் பகுதி. பழைய சதுப்பு நிலமாயிற்றே! தரைக்குக் கீழிருந்த வீடுகளில் குடியேறி, நாள்கணக்கில் கிளம்பவில்லை. உள்ளே சிக்கியவர்களை மீட்கத் தேசியக் காவல் படையின் லாரிகள் வந்தன.

முன்பணம் ஒன்றரை மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பது நியூ ஜெர்சி சட்டம். ஆற்றிடம் அதைக்கூட யாரும் கேட்கவில்லை.