நடந்துகொண்டே ஒரு சொற்பொழிவு

வலிக்குத் தைலம் விற்றவர் பெயரிலுள்ள பூங்காவில்தான் மயிலாப்பூரின் முழங்கால்கள் காலையில் கூடுகின்றன. 1893-இல் அமிர்தாஞ்சனைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயர் தாங்கிய, லஸ் பக்கத்துப் பூங்கா அது.

எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவருக்கு அங்கே தினமும் வாக்கிங். பத்தடி வைப்பதற்குள் எதிரே ஒரு நண்பர். "என்ன சார், பேத்திக்கு விசா கிடைச்சுதா?" அவ்வளவுதான், கால் நின்றுவிடும். விசாவில் தொடங்கி பென்ஷன் நிலுவை, கண்புரை ஆபரேஷன் என்று பேச்சு மட்டும் நடக்கும். பின்னால் வருகிறவர்கள் புல்தரையில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல இது. ஸ்வீடனில் முதியோர் இல்லவாசிகள் 58 பேரை நடக்கவிட்டு, கூடவே பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். பதில் சொல்வதற்காக நின்றுவிட்டவர்கள் 12 பேர். அவர்களில் 10 பேர் ஆறு மாதத்துக்குள் எங்கேயாவது விழுந்தார்கள். 1997-இல் 'லான்செட்' இதழில் வந்த செய்தி. அரட்டைக்காக நிற்பது வேறு, நடையையும் பதிலையும் சேர்த்துச் சமாளிக்க முடியாமல் நிற்பது வேறு. சாரைக் கேட்டால் தான் முதல் ரகம் என்பார். வீட்டில் மாமிக்கு அதில் சந்தேகம் உண்டு.

அமெரிக்காவில் 70 முதல் 89 வயதுக்காரர்கள் 1,635 பேரை இரண்டு பிரிவாக்கி ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவுக்கு வாரம் 150 நிமிட நடை என்ற இலக்கு. கூடவே காலுக்கு வலுவூட்டும் பயிற்சியும் தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும். மறு பிரிவுக்கு உடல்நலம் பற்றிய சொற்பொழிவு. உட்காராமல், அடுத்தவர் கையைப் பிடிக்காமல், 15 நிமிடத்துக்குள் 400 மீட்டர் நடக்க வேண்டும், பரீட்சை அதுதான். சராசரியாக இரண்டரை ஆண்டுகளில் அதில் தேற முடியாமல் போனவர்கள், நடந்த பிரிவில் சுமார் 30 சதவீதம், கேட்ட பிரிவில் 35.5 சதவீதம். முடிவு 2014-இல் வெளியானது. மயிலாப்பூரில் இரண்டு பிரிவும் ஒன்றுதான்: நடை கால் பங்கு, சொற்பொழிவு முக்கால்.

வீட்டிலேயே செய்கிற சோதனை ஒன்றும் உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழுகிற ஆபத்து இருக்கிறதென்று அர்த்தம். மாமி செல்போனில் நேரம் பார்க்க, சார் எழுந்தார், போனார், வந்தார், உட்கார்ந்தார்.

"பதினெட்டு."

"நடுவுல ஃபேனைக் குறைச்சேனே, அதைக் கழிச்சுக்கோ."